முள் சொல்வதை அப்படியே நம்பலாமா?

கேள்வி: காய்கறி ஏற்றிப்போக ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கி ஓட்டுகிறேன். ஒட்டன்சத்திரம் சந்தை வாசலில் வரிசையில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டுக்குப் போய்விடுகிறது. ஓட ஆரம்பித்தால் இறங்குகிறது. இரண்டு நாள் முன்பு, விடியற்காலையில் சாவி போட்டதுமே முள் பாதிக்கு மேல் நின்றது. இன்ஜினைப் பிரிக்க வேண்டும், 35,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். கறவை மாடு ஒன்றை விற்றால்தான் முடியும். என்ன செய்யலாம்?
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மாட்டை விற்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். பயிர்க் கேள்விகளுக்கு நடுவே கார் கேள்வியா என்று சிலர் நினைக்கலாம். வேளாண் பட்டப் படிப்பில் பண்ணை இயந்திரப் பாடமும் உண்டு. அதோடு, வண்டி நின்றால் பறித்த காய் வாடிவிடும்.

நீங்கள் எழுதியதிலேயே இரண்டு கோளாறுகள் தெரிகின்றன. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜினில் சாவி போட்டதும் முள் பாதிக்கு மேல் நிற்கிறது என்றால், அன்றைக்கு முள் பொய் சொல்லியிருக்கிறது. தண்ணீர் நொடியில் சூடாகாது. அதனால் முள் திடீரென்று குதித்தால் முதலில் மின் இணைப்பைப் பாருங்கள். ஹெட்லைட்டைப் போட்டதும் முள் ஏறினால் எர்த் ஒயர் சரியில்லை. அதன் முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினாலே பல வண்டிகளில் சரியாகிவிடும். ஒற்றை ஒயர் சென்சார் உள்ள பழைய வண்டியாக இருந்தால், சாவியைப் போட்டு அந்த ஒயரைக் கழற்றுங்கள். முள் அடிமட்டத்துக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஒயர் எங்கோ உரசி பாடியில் படுகிறது, அல்லது மீட்டரே கெட்டிருக்கிறது.

நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்பது வேறு விஷயம். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது ஃபேன்தான் ஆற்ற வேண்டும். ஆகவே என் சந்தேகம் ஃபேன் மேல். ஏ.சி. வேலை செய்கிற வண்டி என்றால் அதைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலான கார்களில் ஃபேன் சுற்றத் தொடங்கும். சுற்றாவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு ரிலே. ஹார்ன் ரிலே அதே மாதிரியானதாக இருந்தால் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். அதற்கும் சுற்றாவிட்டால் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுக்கச் சொல்லுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. அது இன்ஜினைப் பிரிக்கிற வேலை அல்ல. ஒன்று கவனம்: சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் சுற்றும். தோளில் துண்டோடு குனியாதீர்கள்.

முள் ஒரு தடவை பொய் சொன்னது என்பதற்காக எப்போதுமே பொய் என்று ஓட்டிக்கொண்டே இருக்கவும் கூடாது. தண்ணீர் வெகுவாகக் குறைந்துவிட்டால் சென்சார் தண்ணீரைத் தொடாமல் வெறும் காற்றில் நிற்கும். இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போது முள் கீழே இறங்கும். இதை நல்ல சேதி என்று நினைத்து ஓட்டினால்தான் உண்மையிலேயே இன்ஜின் போகும். தண்ணீர் அளவை இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, காலையில் பாருங்கள். மூடிக்குள் பிரஷர் குக்கரைப் போல அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். சூட்டில் திறந்தால் முகத்தில் அடித்துவிடும்.

இன்ஜினைப் பிரிக்க வேண்டிய அடையாளங்கள் வேறு. வெளியே கசிவு இல்லாமல் தண்ணீர் குறைந்துகொண்டே வருவது, ஆயில் பால் கலந்ததுபோல் மாறுவது, சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரில் குமிழி வருவது. இவற்றில் எது இருந்தது என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். ஒன்றுமே இல்லை என்றால் ஃபேனைச் சரிபார்க்காமல் பிரிக்க விடாதீர்கள். இலை மஞ்சளானதும் வேரைப் பார்க்காமல் யூரியா போடுவது மாதிரிதான் அது.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? உங்கள் சொட்டுநீர்க் குழாயை அடைக்கும் அதே சுண்ணாம்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். சொட்டுநீர்க் குழாயைக் கழுவும் ஆசிட்டை இதில் ஊற்றிவிடாதீர்கள், அலுமினிய ரேடியேட்டர் ஓட்டையாகிவிடும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள்.

டிராக்டர் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான டிராக்டர்களில் ஃபேன் பெல்ட்டில் ஓடுவதால் ஃபியூஸ், ரிலே சோதனை அதற்குப் பொருந்தாது. பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அறுவடைக்குப் பிறகு ரேடியேட்டர் இடுக்குகளில் சேரும் உமியையும் தூசியையும் இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்து எடுங்கள்.