எண்ணை ஒலியாக்க எத்தனை லட்சம்?

ஓய்வூதிய நிலுவை கைக்கு வந்ததும் சில நண்பர்கள் புது 'டாக்' வாங்கத் துடிக்கிறார்கள். எண்களாகப் பதிந்த இசையை மின்னலையாக மாற்றித் தரும் கருவி அது. இங்கிலாந்தின் கார்ட் நிறுவனம் 2015-இல் கொண்டுவந்த 'டேவ்' போன்றவற்றின் விலை பல லட்சம் ரூபாய். வேண்டாம் என்பதே என் கட்சி.

நான் படித்த பிரெஞ்சில் இதை 'கொன்வெர்திஸேர்', அதாவது 'மாற்றி' என்பார்கள். மாற்றுவதோடு அதன் வேலை முடிந்தது. கோப்புகளை நகலெடுத்தே காலம் தள்ளியவன் நான்; தங்கப் பேனாவால் நகலெடுத்தாலும் உத்தரவு மாறாது.

சி.டி.க்காக ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்குகிறார்கள். ஏறக்குறைய 22,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிக்கு அது போதும். இளங்காதுக்கே எல்லை சுமார் 20,000. எழுபது தாண்டிய நமக்கு அதில் பாதி கேட்டாலே பாக்கியம். கைபேசியில் செருகும் ஆயிரம் ரூபாய் டாக்கே அந்த வேலையை ஒழுங்காகச் செய்துவிடும்.

அந்தக் காசில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். வெறுந்தரையில் ஜமக்காளம் விரியுங்கள், எதிரொலி அடங்கும். அப்படியும் ஆசை விடவில்லையா? இரண்டு டாக்கையும் ஒரே சத்தத்தில் வைத்து, பேரனை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, கண்ணை மூடிக் கேளுங்கள். எது எதுவென்று காது சரியாகச் சொன்னால் மட்டும் பர்ஸைத் திறக்கலாம்.