ஊர்ப் பள்ளி யாருடையது? திருமலைக்கவுண்டம்பாளையம் தீர்ப்பும் அது தொடாத கேள்வியும்

திருப்பூர் மாவட்டம், அவினாசி வட்டம், திருமலைக்கவுண்டம்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளியில் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த சத்துணவுச் சமையலரைச் சமைக்கவிடாமல் தடுத்த வழக்கில், 2025 நவம்பரில் திருப்பூர் சிறப்பு நீதிமன்றம் 6 பேருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. குற்றம் நடந்தது 2018 ஜூலையில். அன்று அப்பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தவர், தீர்ப்பு வந்தபோது கல்லூரி இறுதியாண்டு மாணவராக இருக்கும் வயதை எட்டியிருப்பார்.

தீர்ப்பு வரவேற்கத்தக்கது. தமிழ்நாட்டில் தீண்டாமைக் குற்ற வழக்குகள் தண்டனை வரை செல்வது எளிதன்று. ஆயினும், சமைக்க விடாதவர்கள் தண்டிக்கப்பட்டதோடு இந்த வழக்கின் பொருள் முடிந்துவிடவில்லை. அரசுப் பள்ளி யாருடையது என்ற கேள்வி விடையின்றியே நிற்கிறது.

நடந்ததை நினைவுகூர்வோம். பல ஆண்டுகளாகச் சத்துணவுப் பணியில் இருந்த அந்தப் பெண், தம் சொந்த ஊர்ப் பள்ளிக்கு மாறுதல் பெற்று வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் உண்ண மாட்டார்கள் என்று ஆதிக்கச் சாதியினர் பள்ளியை முற்றுகையிட்டனர். வட்டார வளர்ச்சி அலுவலர் நிலையில் உடனடியாக எடுக்கப்பட்ட முடிவு, பாதிக்கப்பட்ட பெண்ணையே வேறு பள்ளிக்கு மாற்றுவதாக இருந்தது. தீண்டாமை ஒழிப்பு முன்னணி உள்ளிட்ட அமைப்புகள் போராடிய பிறகே அந்த ஆணை சார் ஆட்சியரால் விலக்கப்பட்டது. சேவூர் காவல் நிலையத்தில் 80க்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் பதிவானது.

நாம் உற்றுநோக்க வேண்டியது அந்த இடமாற்ற ஆணையைத்தான். அதில் சாதி என்ற சொல் இடம்பெற வேண்டிய தேவையே இல்லை. ‘நிர்வாகக் காரணம்’ என்ற இரண்டு சொற்கள் போதும். முற்றுகையிட்டவர்கள் கேட்டதை அரசு தன் கையாலேயே செய்துகொடுத்துவிடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பொது ஊழியரையும் பொறுப்பாக்குகிறது. ஆனால் அதன்கீழ் குற்றம் சுமத்த நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும். அலுவலகம் தன்னைத் தானே பரிந்துரைப்பது அரிது. ஆகவே, ‘பிரச்சினை வேண்டாம், வேறிடம் செல்லுங்கள்’ என்ற ஆணை தீண்டாமைச் செயலாக எண்ணப்படாமலேயே கடந்துபோகிறது.

இந்த நியமனங்கள் தற்செயலானவை அல்ல. உணவுரிமை வழக்கில் 2004 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம், மதிய உணவுத் திட்டத்தின் சமையலர், உதவியாளர் பணிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரப் பணித்தது. ஒரே பந்தியில் உண்பது மட்டுமன்று, யார் கையால் உண்கிறோம் என்பதும் சமத்துவத்தின் பகுதி என்பதே அதன் உட்பொருள். அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஏட்டிலிருந்து தட்டுக்கு இறங்கும் இடம் பள்ளிச் சமையற்கூடம்.

திருப்பூர் வட்டாரத்தில் இதன் முரண் இன்னும் கூர்மையானது. திருப்பூரிலிருந்து அவினாசி செல்லும் சாலையில் உள்ள அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள பட்டறைகளில் உருவாகும் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்கள் எந்த வீட்டின் அடுப்படிக்குள்ளும் நுழைகின்றன. பனியன் கம்பெனிகளில் தைக்கப்படும் உள்ளாடை எவர் உடலையும் தொடுகிறது. செய்தவரின் சாதியை வாங்குபவர் கேட்பதில்லை. அங்கே சாதி ஒழிந்துவிட்டது என்பதன்று இதன் பொருள். உழைப்பவரின் முகத்தைச் சந்தை மறைத்துவிடுகிறது, அவ்வளவே. பள்ளிச் சமையற்கூடத்தில் அந்த முகம் மறைவதில்லை. அதே ஊர்ப் பெண், அரசு ஊதியம் பெற்று, உரிமையோடு, ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் பரிமாறுகிறார். சாதியால் தாங்க முடியாதது இந்தக் காட்சியைத்தான்.

ஆகவேதான், மாணவர்களிடையே சாதி உணர்வைக் களைய நீதிபதி கே.சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கையின் பல பரிந்துரைகளை ஆதரிக்கும் நாம், ஒன்றிய அளவில் மையச் சமையற்கூடம் என்ற அதன் யோசனையை எச்சரிக்கையோடு அணுக வேண்டியுள்ளது. மையச் சமையற்கூடம் மோதலைத் தவிர்க்கலாம். ஆனால் சமைப்பவரைக் கண்ணுக்குத் தெரியாதவராக்கித் தவிர்க்கப்படும் மோதலில் வெல்வது தீண்டாமைதான்.

இது உயர்நிலைப் பள்ளியில் நடந்தது என்பதும் கவனத்துக்குரியது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையே பொருந்தும். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்பவர்கள். 14 வயதைக் கடந்தவர்களை அபாயமற்ற தொழில்களில் அமர்த்தக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் இடமளிக்கிறது. நூற்பாலைகளும் பின்னலாடை நிறுவனங்களும் நிறைந்த இந்த வட்டாரத்தில், பள்ளியில் அவமதிக்கப்படும் தலித் மாணவிக்கு அடுத்த வாயில் எது என்று சொல்ல வேண்டியதில்லை. தன் தாயைப் போன்ற ஒருவர் சமையற்கூடத்திலிருந்து விரட்டப்படுவதைப் பார்க்கும் மாணவி, இந்தப் பள்ளியில் தன் இடம் எதுவென்ற பாடத்தையும் கற்றுக்கொள்கிறாள்.

இத்தகைய நிகழ்வுகளை நாளேடுகள் ‘ஊர் மக்கள் எதிர்ப்பு’ என்று எழுதுவது வழக்கம். அந்தச் சமையலரும் அதே ஊரைச் சேர்ந்தவர்தாம். அவரை நீக்கிவிட்டுப் பார்த்தால்தான் ‘ஊர்’ என்பது ஆதிக்கச் சாதியினரை மட்டும் குறிக்கும். அரசு நிதியில், அரசு ஆசிரியர்களோடு இயங்கும் பள்ளியை ஊருக்கு உரியதென்றும், ஊரைத் தமக்கு உரியதென்றும் அவர்கள் கருதுவதே குற்றத்தின் வேர்.

சட்டத்தின் வேகத்தையும் பேச வேண்டும். 2015ஆம் ஆண்டுத் திருத்தம், குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்து கூடுமானவரை இரண்டு மாதங்களில் விசாரணையை முடிக்கச் சொல்கிறது. இங்கு, குற்றம் நடந்த நாள்முதல் தீர்ப்பு வரை ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியுள்ளன. நிகழ்வு நடந்த 2018 ஜூலையில், அதே ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பால் வன்கொடுமைச் சட்டமே நலிவுற்றிருந்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தே அதை மீட்டது. அந்த இடைவெளியிலும் வழக்கைப் பதிவுசெய்ய வைத்தது மக்கள் திரண்டு நின்றதுதான்.

வேறு வழியும் உண்டு என்பதற்குக் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூர் சான்று. அங்கு 2023இல் காலை உணவுத் திட்டச் சமையலருக்கு எதிர்ப்பு எழுந்தபோது, மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று, எதிர்ப்பவர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என எச்சரித்தார். இத்தகைய நிலைப்பாடு ஓர் அதிகாரியின் மனப்பாங்கைச் சார்ந்திராமல் நிலையான விதியாக வேண்டும். சாதி எதிர்ப்பு எழுந்த பள்ளியிலிருந்து பட்டியல் சாதிப் பணியாளரை அவரது எழுத்துப்பூர்வ விருப்பமின்றி மாற்றக் கூடாது என்ற அரசாணையை நாம் கோர வேண்டும்.

மாணவர்களுக்கு உடனடிப் பணி ஒன்றும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நலிவுற்ற பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் விகிதத்திற்கேற்ற இடம் தரப்பட வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளியின் குழுவில் யார் இருக்கிறார்கள், தலித் பெற்றோர் எத்தனை பேர், அவர்கள் கூட்டத்தில் பேசுகிறார்களா, கையெழுத்து மட்டும் இடுகிறார்களா என்று கேட்டறியுங்கள். அடுத்த இடமாற்ற ஆணை எழுதப்படும் நாளில், அதைத் தடுக்கும் முதல் குரல் அந்தக் குழுவிலிருந்தே எழ வேண்டும்.