“இவர் எங்கள் டாக்டர் அல்லர்!” – இரசிகர் குரலில் நாம் கற்க வேண்டியது



சிறுவரும் பெரியவரும் ஒன்றாக அமர்ந்து பார்ப்பதற்கென்று தொடங்கப்பட்ட ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பெரியவர்கள் 60 ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காடி வருகிறார்கள் என்றால் வியப்பாக இல்லையா? பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சி 1963 நவம்பர் 23-இல் ஒளிபரப்பத் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் புனைவுத் தொடர்தான் அது. ஒவ்வொரு முறையும் அத்தொடரில் புதிய காலம் பிறக்கும்போது, “இவர் எங்கள் டாக்டர் அல்லர்” என்ற குரலும் உடன்பிறக்கிறது. அந்தக் குரலை ஓர் ஆசிரியரின் காதுகொண்டு கேட்டால், கருத்துச் சொல்வது எப்படி, எப்படிச் சொல்லக்கூடாது என்பதற்கு அதில் நல்ல பாடம் இருக்கிறது.

தொடரை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். மனிதத் தோற்றங்கொண்ட வேற்றுக்கோளார் ஒருவர். ‘டாக்டர்’ என்பதே அவர் பெயர். வெளியே நீலநிறப் பெட்டியாகவும் உள்ளே பெருங்கூடமாகவும் விளங்கும் ‘டார்டிஸ்’ என்னும் ஊர்தியில் காலத்தையும் விண்வெளியையும் கடந்து செல்கிறார். உயிர் போகும் நிலை வந்தால் உடல் மாறிப் புதியவராக எழுவார். ஆகவே நடிகர் மாறுவார், தொடர் நிற்காது. நடிகரோடு சில வேளைகளில் தலைமை எழுத்தாளரும் மாறுவார். அப்போது கதையின் போக்கே மாறிவிடும். இதைத்தான் இரசிகர்கள் ‘புதிய காலம்’ என்கிறார்கள்.

நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று. இத்தொடரின் முதற்கதையில் டாக்டரோடு பயணம் புறப்பட்ட மனிதர்கள் இருவருமே பள்ளி ஆசிரியர்கள். ஒருவர் அறிவியல் ஆசிரியர். மற்றவர் வரலாற்று ஆசிரியை. தங்கள் மாணவி ஒருத்தியின் விந்தையான அறிவைக் கண்டு ஐயுற்று, அவள் வீட்டைத் தேடிச் சென்றதால் அந்தப் பெட்டிக்குள் நுழைகிறார்கள். எதிர்காலத்துக்குச் சென்றால் அறிவியல், கடந்த காலத்துக்குச் சென்றால் வரலாறு – இவ்விரண்டையும் கதை வழியே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது தொடக்கக்கால நோக்கம். அதைத் தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட் என்னும் 27 வயதுப் பெண்மணி. முதற்கதையை இயக்கியவர் இலக்னோவில் பிறந்த வாரிஸ் உசேன். அப்போது அவருக்கு வயது 24. ‘பெண்களும் வெள்ளையர் அல்லாதாரும் இப்போதுதான் இத்தொடருக்குள் நுழைக்கப்படுகிறார்கள்’ என்று முழங்குவோர் இந்த இருவரையும் நினைத்துப் பார்ப்பது நல்லது.

இனி இரசிகர் குரலுக்கு வருவோம். அது ஒரே குரல் அன்று. மூன்று குரல்களின் கலவை. மூன்றையும் பிரித்தறியாமல் நாம் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது.

முதற்குரல், ஏக்கத்தின் குரல். ‘நான் சிறுவனாக இருந்தபோது பார்த்ததே உண்மையான தொடர், இன்றையது அதன் நிழல்’ என்பது அதன் சாரம். 1966-இல் முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னல் விலகிப் பேட்ரிக் டிரவுட்டன் வந்தபோதே, புதியவர் கோமாளித்தனம் செய்கிறார் என்று பார்வையாளர் சிலர் குறைப்பட்டுக்கொண்டனர். அதே டிரவுட்டன் இன்று பெரிதும் போற்றப்படும் டாக்டர்களுள் ஒருவர். 1976-இல் டாக்டரின் தாய்க்கோளில் நடக்கும் கதை ஒன்று ஒளியேறியபோது, இரசிகர் சங்கத்தின் தலைவரே அதனைக் கடுமையாகச் சாடி எழுதினார். அக்கதை பின்னாளில் தொடரின் சிறந்த கதைகளுள் ஒன்றாக மதிக்கப்பட்டது.

இந்தக் குரலை நான் இகழவில்லை. ஒருவர் தம் இளமையை இழந்த துயரம் உண்மையானது. ஆயினும் அது தொடரைப் பற்றிய கருத்தன்று. தம்மைப் பற்றிய கருத்து. பத்து வயதுப் பிள்ளைக்கு இன்று திரையில் தோன்றுபவரே முதல் டாக்டர். அந்தப் பிள்ளையிடம் போய், ‘நீ காண்பது போலி’ என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இரண்டாங்குரல், காணுமுன்பே மறுக்கும் குரல். ஜோடி விட்டேக்கர் அடுத்த டாக்டராக வருவார் என்று 2017 சூலையில் அறிவிக்கப்பட்டது. அவருடைய முதல் முழுக்கதை ஒளிபரப்பானது 2018 அக்டோபர் 7-இல். இடைப்பட்ட 14 மாதங்களில் அவருடைய நடிப்பைப் பார்க்காமலேயே, ‘ஒரு பெண் டாக்டராகலாமா?’ என்று தீர்ப்பெழுதி முடித்தவர்கள் பலர். ருவாண்டாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த ஷூட்டி கட்வா 2023-இல் முதன்மை டாக்டராக வந்தபோதும் இதே கதை. உடலையே மாற்றிக்கொள்ளும் வேற்றுக்கோளார் எப்போதும் வெள்ளைக்கார ஆணாகவே பிறக்க வேண்டும் என்பதற்குக் கதைக்குள் எந்த விதியும் இல்லை. படிக்காத நூலுக்கு மதிப்புரை எழுதும் மாணவனுக்கு நாம் எத்தனை மதிப்பெண் வழங்குவோமோ, அத்தனையே இந்தக் குரலுக்கும் வழங்கலாம்.

ஆனால், இங்கே மறுபக்கமும் ஒன்று உண்டு. புதிய காலத்தை விரும்புவோர் சிலர், குறை சொன்ன அனைவரையும் வெறுப்பாளர் என்று ஒரே சிமிழுக்குள் அடைத்துவிடுகிறார்கள். அதுவும் அறமன்று. ஏனென்றால் மூன்றாவதாக ஒரு குரல் இருக்கிறது.

மூன்றாங்குரல், சான்றோடு பேசும் குரல். விட்டேக்கரின் காலத்தில் தலைமை எழுத்தாளராக இருந்த கிறிஸ் சிப்னலின் மீது இரசிகர்கள் வைத்த குறைகளுள் ஒன்று, ‘கதை சொல்ல வேண்டிய இடத்தில் அறிவுரை சொல்கிறார்கள்’ என்பது. 2020 சனவரியில் வந்த ‘ஆர்பன் 55’ என்னும் கதையின் இறுதியில், பூமியின் சூழலைக் காக்க வேண்டியதைப் பற்றி டாக்டர் நின்று சொற்பொழிவே ஆற்றுகிறார். கருத்துப் பொன்னானது, சொன்ன முறை காலைச் சபைக்கூட்ட உரையைப் போன்றது. இதே காலத்தில், 2018 நவம்பரில், வினய் படேல் எழுதிய ‘டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்’ வந்தது. 1947-இல் இந்தியா பிரிக்கப்பட்ட நாளில் ஓர் இந்து ஆடவனும் ஒரு முசுலிம் பெண்ணும் மணம்புரிகிறார்கள். மணமகன் இறப்பதற்குக் காரணமாகிறவன் அவனுடைய உடன்பிறந்த தம்பி. அரக்கர்கள் என்று ஐயுற்ற வேற்றுக்கோளார்களோ, துணையின்றி இறப்போருக்குச் சாட்சியாக நிற்க வந்தவர்கள்! டாக்டரால் எதையும் தடுக்க முடியவில்லை. அங்கிருந்து விலகி நடக்கிறார். பின்னால் துப்பாக்கி ஒலி கேட்கிறது. அங்கே சொற்பொழிவுக்குத் தேவையே இல்லை. வெறுப்பு ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதைக் கதையே பிள்ளைக்குக் காட்டிவிடுகிறது.

ஆக, ‘ஏன் வரலாற்றைப் போதிக்கிறீர்கள்?’ என்று கேட்டவர்கள் தொடரின் பிறப்பையே அறியாதவர்கள். ‘போதனை ஏன் கதையாகவில்லை?’ என்று கேட்டவர்களோ நம் போன்ற ஆசிரியர்களும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியைக் கேட்டவர்கள்.

2023-இல் ரஸ்ஸல் டி டேவிஸ் மீண்டும் தலைமை எழுத்தாளராக வந்தார். 16 ஆண்டுகள் நின்றிருந்த தொடரை 2005-இல் உயிர்ப்பித்தவர் அவர்தான் என்பதால் எதிர்பார்ப்பு மிகுந்திருந்தது. பிரிட்டனுக்கு வெளியே ‘டிஸ்னி பிளஸ்’ வழியாகத் தொடர் சென்றது. 2005-இல் ஒரு பருவத்துக்கு 13 அத்தியாயங்கள் இருந்தன. 2024-இலும் 2025-இலும் 8 மட்டுமே. இத்தனை குறைந்த நேரத்தில் டாக்டரோடும் அவர் தோழியரோடும் எப்படிப் பழகுவது என்ற இரசிகர்களின் மனக்குறை நியாயமானதே.

2024 பருவத்தில் ரூபி என்னும் பெண்ணின் தாய் யார் என்பது பெரும் மருமமாக வளர்க்கப்பட்டது. கிறிஸ்துமசு இரவில் தேவாலய வாயிலில் விடப்பட்ட குழந்தை அவள். நினைவு எழும்போதெல்லாம் பனி பொழிகிறது. தெய்வ ஆற்றல் படைத்த பகைவனே அவள் தாயை அறிய முடியாமல் திகைக்கிறான். இறுதியில், அந்தத் தாய் 15 வயதில் பிள்ளை பெற்ற ஓர் எளிய பெண் என்று தெரிகிறது. ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்றனர் இரசிகர்கள். இங்கே நான் பாதி வேறுபடுகிறேன். பனிக்கு நிறைவான விளக்கம் தரவில்லை என்பது உண்மைக் குறைதான். ஆனால், தாய் அரசியாகவோ தெய்வமாகவோ இருக்க வேண்டியதில்லை, நாம் தேடுவதாலேயே அவள் பெரியவளாகிறாள் என்ற முடிவு அழகானது. பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் இருக்கிறார்கள் அல்லவா?

2025 பருவத்தைப் பற்றிய ஒரு குறையிலோ நான் இரசிகர்களோடு முழுமையாக உடன்படுகிறேன். கேரளத்தில் பிறந்த வரதா சேது, பெலிண்டா சந்திரா என்னும் தாதியாக நடித்தார். முதற்கதையிலேயே அவள் எத்துணை மிடுக்கானவள்! தன்னை அடக்கியாள முயன்ற முன்னாள் காதலனை எதிர்க்கிறாள்; தன் அனுமதியின்றித் தன் மரபணுவைச் சோதித்த டாக்டரையே கண்டிக்கிறாள். பயணம் வேண்டாம், வேலைக்குத் திரும்ப வேண்டும் என்கிறாள். நம் பெண்பிள்ளைகள் பார்த்து நிமிர வேண்டிய பாத்திரம். ஆனால், 2025 மே 31-இல் வந்த இறுதிக்கதையில், அவள் வீடு திரும்பத் துடித்ததற்குக் காரணமே அவளுக்கொரு குழந்தை இருந்ததுதான் என்று அவளுடைய கடந்த காலமே மாற்றி எழுதப்படுகிறது. தாய்மை குறைவானது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பெண் தானாகத் தேர்ந்த வழியை அவள் அறியாமலே பிறர் திருத்தி, ‘இதுவே உன் நிறைவு’ என்று கையில் கொடுப்பதுதான் குறை. அனுமதி கேட்காததற்காக டாக்டரைக் கண்டித்தவளுக்கு, அவள் வாழ்வையே மாற்றியபோது அனுமதி கேட்கப்படவில்லையே! தொடர் தான் சொன்ன சொல்லைத் தானே மறந்துவிட்டது. இப்படிச் சுட்டுவது வெறுப்பன்று. கூர்ந்து பார்த்ததன் பயன்.

இத்தகைய கூர்ந்த பார்வையே இத்தொடரைக் காத்தது என்பதுதான் என் கருத்து. 1986-இல் 16 வயது நிரம்பிய சிப்னல், பிபிசி நிகழ்ச்சி ஒன்றில் தோன்றி, அவ்வாண்டின் கதையை எழுதியவர்களின் முன்னிலையிலேயே குறைகளை எடுத்துரைத்தார். அந்தச் சிறுவர் பின்னாளில் தொடரின் தலைமை எழுத்தாளரானார். அவரும் குறைகளைக் கேட்க நேர்ந்தது! பீட்டர் கபால்டி 15 வயதில் எழுதிய கடிதம் 1974-இல் ஓர் இதழில் வெளிவந்தது. 2013-இல் அவரே டாக்டரானார். டேவிசும் சிறுவயது முதலே இத்தொடரின் இரசிகர். ‘சும்மா பார், குறை சொல்லாதே’ என்று இவர்களுடைய வாயை அன்று யாராவது அடைத்திருந்தால், 1989-இல் நின்றுபோன தொடர் நின்றபடியே இருந்திருக்கக்கூடும்.

ஆசிரிய நண்பர்களே! கருத்து விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால், நம் மாணவர்களில் பலர் மனனம் செய்த பத்திகளை எழுதுகிறார்கள். தமக்குப் பிடித்த படக்கதை ஏன் பிடிக்கிறது என்று கேட்டாலோ, ‘நன்றாக இருக்கிறது, ஐயா’ என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அவர்கள் விரும்பிப் பார்க்கும் தொடர் எதுவாயினும் அதனையே வகுப்பறைக்குக் கொண்டுவருவோம். மூன்று கேள்விகள் போதும். நீ முழுமையாகப் பார்த்தாயா? எந்தக் காட்சியை வைத்து இப்படிச் சொல்கிறாய்? உன்னோடு மாறுபடும் நண்பன் என்ன சொல்வான்? முதற்கேள்வி முன்முடிவைத் தடுக்கும். இரண்டாவது சான்றைத் தேட வைக்கும். மூன்றாவது பணிவைக் கற்பிக்கும்.

பெற்றோர்களே! பிள்ளை ஒரு கதையைப் பற்றிக் குறை சொன்னால், வாய்த்துடுக்கு என்று அடக்கிவிடாதீர்கள். ‘ஏன்?’ என்று கேளுங்கள். ‘எங்கள் காலத்துக் கதைக்கு ஈடாகுமா?’ என்ற பெருமூச்சையும் சற்றே ஒத்திவையுங்கள். அவர்களுடைய காலம் இப்போதுதான் தொடங்குகிறது.

டிஸ்னியுடனான கூட்டு முடிவுற்றதாக 2025 அக்டோபரில் பிபிசி அறிவித்தது. கட்வாவின் காலமும் முடிந்துவிட்டது. தொடர் அடுத்து எத்திசையில் போனாலும், ‘இவர் எங்கள் டாக்டர் அல்லர்’ என்ற குரல் மீண்டும் எழும் என்பது உறுதி. அதைச் சொல்பவர் காரணத்தையும் சேர்த்துச் சொல்லட்டும். காரணத்தோடு சொல்லும் பழக்கத்தை வகுப்பறையில் ஊட்டுவது நம் கடமை.

சிந்திப்போம், செயற்படுவோம்.