நிறம் போனா போகட்டும், நம்பர் போகக்கூடாது

துப்பாக்கி வெச்சிருக்கற விவசாயின்னு சொன்னா, பட்டணத்துல இருக்கறவங்களுக்கு சினிமாவுல வர்ற மீசைக்காரப் பண்ணையார்தான் ஞாபகத்துக்கு வருவாரு. எங்க பக்கம் கதை வேற. அரக்கோணத்துல இருந்து திருத்தணி, அந்தாண்ட நகரி மலை வரைக்கும் மலையடிவாரத்துல கொல்லை வெச்சிருக்கறவன் வேர்க்கடலை போட்டா, முக்கால்வாசி ராத்திரி காவலுக்குப் படுக்கணும். பன்னிக் கூட்டம் ஒரு தடவை இறங்கிச்சின்னா விதைச்ச காசு கூட மிஞ்சாது. அதுக்காக அந்தக் காலத்துல லைசென்ஸ் எடுத்து வாங்கின ஒத்தக்குழல் துப்பாக்கி இன்னிக்கும் சில வீட்டுல இருக்கு. குழல் வாய் வழியா மருந்தும் ரவையும் போட்டு இடிக்கிற பழைய சாமான். எங்க அப்பா காலத்துத் துப்பாக்கி ஒண்ணு எங்க வீட்டுலயும் இருக்கு.

இந்த மாதிரி சாமான் வெச்சிருக்கறவங்க அடிக்கடி பேசிக்கிற விஷயம் ஒண்ணு. இரும்பு மேல இருந்த நீலக்கருப்பு நிறம் வெளுத்து, துரு புள்ளி விழுந்துடுச்சே, வீட்டுலயே கழட்டித் தேய்ச்சு திரும்ப அந்த நிறத்தை ஏத்திடலாமான்னு. அமெரிக்காவுல அவனவன் தன் வீட்டு ஷெட்டுலயே கைத்துப்பாக்கியை அக்குவேறா கழட்டி இதைப் பண்றான், நாம பண்ணினா என்னன்னு படிச்ச பசங்க கேக்கறாங்க. பண்ணக்கூடாதுங்கறது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

முதல்ல அந்த நிறம் என்னன்னு தெரிஞ்சுக்கணும். அது பெயிண்ட் இல்லை. ப்ளூயிங்னு சொல்வாங்க. இரும்பே தன் மேல்தோலைக் கருப்பா மாத்திக்கிட்ட மாதிரி. செந்துருவும் இந்தக் கருப்பும் ரெண்டுமே இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதான். ஆனா செந்துரு பொரபொரன்னு உதிர்ந்து உள்ள உள்ள தின்னுக்கிட்டே போகும். கருப்பு கெட்டியா ஒட்டிக்கும். தடிமன்னு பார்த்தா ஒண்ணுமே இல்லை, தலைமுடியை விட எவ்வளவோ மெலிசு. அதனால கருப்பு மட்டும் துருவைத் தடுத்துடாது. அது எண்ணெயைப் பிடிச்சு வெச்சுக்கும், எண்ணெய்தான் காப்பாத்தும். எண்ணெய் போடாத புதுத் துப்பாக்கியை விட, எண்ணெய் போட்ட வெளுத்த துப்பாக்கி ரொம்ப நாள் உழைக்கும்.

இந்தக் கருப்பை ஏத்த மூணு வழி உண்டு. பழைய வழி, இரும்பைத் தெரிஞ்சே துருப்பிடிக்க விட்டு, கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்கறது. செந்துரு கருப்பா மாறும். மேல இருக்கற தூளைத் துடைச்சிட்டு, திரும்பத் திரும்ப அதே வேலை, பல நாள் ஆகும். ரெண்டாவது, தொழிற்சாலைங்க பண்றது. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசல்ல 140 டிகிரி வாக்குல போட்டு எடுக்கறது. அந்தச் சூட்டுல ஒரு சொட்டுத் தண்ணி தப்பா விழுந்தா வெடிச்சு மூஞ்சியில தெறிக்கும், கண்ணு போயிடும். ரெட்டைக்குழல் துப்பாக்கியை அதுல போட்டா, ரெண்டு குழலையும் சேர்த்து வெச்சிருக்கற ஈயப் பத்தே கரைஞ்சிடும். மூணாவது, பாட்டில்ல வர்ற மருந்தைத் துணியில தொட்டுத் தேய்க்கிறது. அதுல செலினியம் கலந்திருக்கும், விஷம். அந்த நிறமும் ரொம்ப நாள் நிக்காது.

எங்க ஊருல நாலாவது வழி ஒண்ணு சொல்வாங்க. கொல்லன் பட்டறையில கொடுத்து, சூடு காட்டி எண்ணெயில முக்கறது. அருவாளுக்கும் மண்வெட்டிக்கும் அது சரி, நல்லாக் கருப்பு ஏறும். துப்பாக்கிக்கு அது எமன். குழலும், உள்ள இருக்கற ஸ்பிரிங்கும் சுத்தியும் ஒரு பதத்துக்கு வெச்ச இரும்பு. உலைச்சூடு பட்டா பதம் இறங்கிடும். அடுத்த தடவை மருந்து போட்டுச் சுடும்போது குழல் கையிலயே பொளந்தா யார் பொறுப்பு?

கழட்டறதுலயும் இதே வம்புதான். கைத்துப்பாக்கின்னா நம்ம நாட்டுல லைசென்ஸ்காரங்க கையில அதிகமா இருக்கறது .32 ரிவால்வர். கான்பூர்ல அரசு தொழிற்சாலையில செய்யறாங்க. அதோட பக்கத் தகட்டைக் கழட்டினா உள்ள சின்னச் சின்ன சாமான். சுத்தியும் விசையும் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கற இடம் ஒரு நகக்கீறல் அகலம்தான். பளபளப்பா இருக்கட்டுமேன்னு உப்புத்தாள் போட்டு அங்க ரெண்டு இழு இழுத்தா போதும். கீழ விழுந்தாலே வெடிக்கிற துப்பாக்கி ஆயிடும்.

இதெல்லாம் கைத்திறமை விஷயம், பழகினவன் பண்ணிடுவான்னு வெச்சுக்கிட்டாலும், சட்டம்னு ஒண்ணு இருக்கு. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்துல 8-வது பிரிவு. துப்பாக்கியில குத்தியிருக்கற பேரு, நம்பர், அடையாளம் எதையும் யாரும் அழிக்கவோ மாத்தவோ கூடாது. அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. நம்பர் அழிஞ்ச துப்பாக்கி ஒருத்தன் கையில இருந்தா, அவன்தான் அழிச்சான்னு சட்டம் எடுத்துக்கும். இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது அவன் பொறுப்பு. நிறம் ஏத்தறதுக்கு முதல் வேலையே பழைய நிறத்தையும் துருவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது. அம்பது வருஷத்துக்கு முன்னால குத்தின நம்பர், ஏற்கனவே பாதி தேஞ்சிருக்கும். நாலு இழுப்புல 8 எது 3 எதுன்னு தெரியாமப் போயிடும். ரினியூவலுக்கு எடுத்துட்டுப் போனா புத்தகத்துல இருக்கற நம்பரோட ஒத்துப் பார்ப்பாங்க. அழகு பார்க்கப் போயி, கள்ளத்துப்பாக்கி வெச்சிருக்கறவனோட ஒரே வரிசையில நிக்கணும்.

5-வது பிரிவு இன்னொண்ணு சொல்லுது. லைசென்ஸ் இல்லாதவன் துப்பாக்கியைச் செய்யவோ, விக்கவோ, மாத்தவோ, பழுது பார்க்கவோ கூடாது. துடைச்சு எண்ணெய் போடறதை யாரும் பழுது பார்க்கறதுன்னு சொல்லப் போறதில்லை. ஆனா தெரிஞ்ச லேத்து பட்டறையில கொடுத்து சரி பண்ணிக்கறது இருக்கு பாருங்க, அது நமக்கும் வம்பு, அந்தப் பாவப்பட்ட பட்டறைக்காரனுக்கும் வம்பு.

அப்ப துரு எங்கிருந்து வருதுன்னு பார்க்கணும். பாதி நம்ம கையில இருக்கு. கரிமருந்து சுட்ட பிறகு குழல்ல நிக்கற கசடு, காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். அன்னிக்கே வெந்நீர் ஊத்திக் கழுவி, காய வெச்சு, எண்ணெய் போடணும். காலையில பாத்துக்கலாம்னு தள்ளக்கூடாது. ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமம் வைக்கிறோம், வைக்கத்தான் வேணும், ஆனா மறுநாள் ஈரத்துணியால எடுத்துட்டு, உலர்ந்த துணியால துடைச்சு எண்ணெய் போடணும். பொட்டு வெச்ச இடத்துல வட்டமா துரு நிக்கிற துப்பாக்கியை நானே பார்த்திருக்கேன். உறைக்குள்ள போட்டு பீரோவுல பூட்டி வைக்கிறதும் தப்பு. தோல் உறை ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்.

மீதிப் பாதி நம்ம கையில இல்லை. தேர்தல் வந்தா துப்பாக்கியை ஒப்படைக்கணும். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மார்ச் 16 அறிவிப்பு, ஏப்ரல் 19 ஓட்டு, ஜூன் 4 எண்ணிக்கை. கணக்கு போட்டா 80 நாள். அதுக்கு முன்னால 2021-ல சட்டமன்றம், அதே வருஷம் அக்டோபர்ல எங்க ராணிப்பேட்டை மாவட்டத்துக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல். தேர்தல் அமைதியா நடக்கணும், ஒப்படைக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா எண்ணெய் போட்டுக் கொடுத்த துப்பாக்கி, ஈரச் சுவத்துல சாய்ஞ்சிருந்து செந்துருவோட திரும்பி வருது. எனக்கே ஒரு தடவை அப்படி வந்துச்சி. யாரைக் கேக்கறது? ரசீதுல நம்பர் இருக்கும், எந்த நிலையில வாங்கினாங்கன்னு ஒரு வரி இருக்காது.

பன்னியைச் சுடவா இவ்வளவு பாடுன்னு கேப்பீங்க. பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் இருந்தாலும் பன்னியைச் சுட அனுமதி கிடையாது. அது 1972 வனவிலங்குச் சட்டம். 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு, காட்டு எல்லையில இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னியைச் சுடலாம்னு முடிவு பண்ணிச்சி. அதுவும் சுட வேண்டியது வனத்துறை ஆளுங்கதான். எங்க கையில இருக்கறது வெத்து வேட்டுச் சத்தம் போட்டு விரட்டறதுக்கு மட்டும். சத்தம் போடற துப்பாக்கிக்கு நிறம் எதுக்கு?

என்னைக் கேட்டா செய்ய வேண்டியது ரெண்டு இருக்கு. ஒண்ணு, தேர்தலுக்கு வாங்கற துப்பாக்கியை எண்ணெய்த் துணி சுத்தி மரச்சட்டத்துல நிறுத்தி வைக்கட்டும், ரசீதுல நிலைமையை எழுதட்டும். இதுக்கு பெரிய செலவு ஒண்ணும் ஆகாது. ரெண்டாவது, லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் கிராமத்தானுக்கு எட்டற தூரத்துல கிடையாது. சாதாரண ஒரு ஸ்பிரிங் மாத்தணும்னாலும் துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறணும். வருஷத்துக்கு ஒரு நாள் மாவட்டத் தலைநகர்ல அப்படி ஒருத்தரை உக்கார வெச்சு, லைசென்ஸ்காரங்களை எல்லாம் வரச் சொன்னா, நம்பரையும் சரிபார்த்துக்கலாம், குழல் உடைஞ்சதையும் கண்டுபிடிச்சிடலாம். நேர்வழியில போறவனுக்கு வழி தூரமா இருந்தா, அவன் குறுக்குச் சந்துல இருக்கற லேத்து பட்டறைக்குத்தான் போவான். அது தெரிஞ்சும் விட்டு வைக்கிறது யாருக்கும் நல்லதில்லை.

அது வரைக்கும் வெச்சிருக்கறவங்களுக்கு நான் சொல்றது இதான். சுட்டதும் கழுவுங்க, மழைக்காலத்துல வாரம் ஒரு தரம் எண்ணெய்த் துணியால துடைங்க. துரு புள்ளி தெரிஞ்சா எண்ணெயில ஊற வெச்சு சாக்குத் துணியால மெதுவா தேய்ங்க, நம்பர் இருக்கற பக்கம் உப்புத்தாளைக் கொண்டு போகாதீங்க. ரொம்ப மோசமா இருந்தா லைசென்ஸ் உள்ள கடையில கொடுத்து ரசீது வாங்கி வெச்சுக்கோங்க. இனிமே துப்பாக்கியே வேணாம்னு தோணுச்சின்னா ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் கடையிலயோ முறைப்படி ஒப்படைச்சுடுங்க. எங்க வீட்டுத் துப்பாக்கி இப்ப சாம்பல் கலர்ல இருக்கு. நம்பர் மட்டும் கண்ணாடி போடாமலே படிக்கலாம்.