பாண்டி பஜாரில் ஜாலி நடை... உஸ்மான் ரோட்டில் திண்டாட்டம்!

சென்னை: தி.நகர் பாண்டி பஜாரில் சாயங்காலம் கூட்டம் களை கட்டுகிறது. குழந்தை குட்டிகளோடு குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். கால் வலித்தால் உட்கார பெஞ்ச் இருக்கிறது.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் ரூ.40 கோடி செலவில் போடப்பட்ட இந்த அகல நடைபாதையை, 2019 நவம்பரில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்து வைத்தார். கார்கள் ஓடிய, நின்ற இடத்தை வெட்டி நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். கடை வாசலில் கார் நிற்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடுமே என்று வியாபாரிகளுக்குக் கிலி. ஆனால் தி.நகர் கூட்டம் என்பதே மாம்பலம் ஸ்டேஷனிலும் பஸ் நிலையத்திலும் இறங்கி நடந்து வரும் கூட்டம்தானே!

பிளாட்பாரம் சும்மா காலியாகிவிடவில்லை. அங்கே காலங்காலமாகக் கடை போட்டிருந்தவர்களை 2013லேயே மாடிக் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு ஹேர்பின் வாங்க யார் மாடி ஏறுவார்கள்? நடப்பவர்களுக்கு இடம் கொடுத்தபோது, அவர்களை நம்பிப் பிழைத்தவர்களுக்கும் ஓரமாகக் கொஞ்சம் ஒதுக்கியிருக்கலாம்.

சரி, அப்படியே உஸ்மான் ரோட்டுப் பக்கம் திரும்பினால் கதையே வேறு. பைக், ஆட்டோ, கார்களுக்கு நடுவே புகுந்து புறப்பட வேண்டியதுதான். மாம்பலம் ஸ்டேஷனையும் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023ல் ஆகாய நடைமேம்பாலம் வந்தது. சுமார் அரை கிலோ மீட்டர் நீளம். லிஃப்ட் எல்லாம் இருக்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் நடப்பவரை மேலே ஏற்றிவிட்டு, கீழே ரோட்டை வண்டிகளுக்கே விட்டுவிட்டார்கள்.

அதே உஸ்மான் ரோட்டில் 2025ல் இரும்பு மேம்பாலம் திறந்தார்கள். செலவு சுமார் ரூ.165 கோடி, அதாவது நான்கு பாண்டி பஜார் நடைபாதைக்கான காசு! அந்தப் பாலத்தில் பஸ் ஸ்டாப்பா இருக்கிறது? பஸ் ஏறுகிறவர் கீழேதான் நிற்கவேண்டும்.

இத்தனைக்கும் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று 2014லேயே தனிக் கொள்கை போட்டது சென்னை மாநகராட்சி. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் அவர்களுக்கே என்றது. பேப்பரில் படு ஜோர்!

இரண்டாம் கட்ட மெட்ரோவில் பனகல் பார்க்குக்கு ஒரு சுரங்க நிலையம் உண்டு. வெளியே வந்து பாண்டி பஜார் பக்கம் நடப்பவருக்குக் கவலையில்லை. உஸ்மான் ரோட்டுப் பக்கம் போகிறவருக்கு பிளாட்பாரத்தை இப்போதே அகலப்படுத்தினால்தான் உண்டு.