சொல்லும் பொருளும்: ஜீரோ



தேர்வு முடிவுகள் வரும் நாள்களில் கடலூர், சிதம்பரம் வட்டார வீடுகளில் அதிகம் ஒலிக்கும் ஆங்கிலச் சொல் 'ஜீரோ'. கணக்கில் ஜீரோ என்பதோடு நில்லாமல், "நீயே ஒரு ஜீரோ" என்று பிள்ளையைப் பழிப்பாரும் உளர். அச்சொல்லின் வரலாற்றை அறிந்தவர் அவ்வாறு பழிக்கமாட்டார்.

சுழியையும் ஓர் எண்ணாகக் கொண்டு கி.பி. 628-இல் கணித விதிகள் வகுத்தவர் பிரம்மகுப்தர். 'சூன்யம்' என்னும் அச்சொல்லை அரபு அறிஞர்கள் 'ஸிஃப்ர்' என மொழிபெயர்த்தனர். வெறுமை என்பது பொருள். இத்தாலியரான ஃபிபோனாச்சி 1202-இல் எழுதிய நூலில் அது 'ஸெஃபிரம்' ஆயிற்று; பின்னர் 'ஸீரோ' எனச் சுருங்கி ஆங்கிலம் புகுந்தது. நம் முதியோர் சொல்லும் 'சைபர்' என்பதும் அதே ஸிஃப்ரின் வழி வந்ததே. இணையக் குற்றங்களைக் குறிக்கும் 'சைபர்' கிரேக்க மூலமுடைய வேறு சொல்.

பழந்தமிழ் எண்முறையில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக் குறிகள் இருந்தன. சுழி வந்தபின் பத்தே குறிகள் எல்லா எண்களுக்கும் போதுமாயின. 105-இலுள்ள சுழியை நீக்கினால் 15 தான் எஞ்சும். காலியிடத்தைக் காத்து, மற்ற இலக்கங்களுக்கு மதிப்பளிப்பதே சுழியின் பணி.

'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்பதும் இவ்வாறே. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் சென்னையில் நடந்திருப்பினும், சிதம்பரம் காவல் நிலையத்தில் புகார் அளிக்கலாம். அங்கே வழக்கு எண்ணுக்குப் பதில் சுழியிட்டுப் பதிந்து, உரிய நிலையத்துக்கு அனுப்புவர். எண் அங்கே இடப்படும். 1.7.2024 முதல் நடப்புக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமே, குற்றம் நடந்த எல்லை எதுவாயினும் புகாரைப் பெற வகை செய்கிறது. "இது எங்கள் எல்லையன்று" என எவரேனும் திருப்பி அனுப்பினால், இதனை எடுத்துக் கூறுங்கள்.

அடியான் ஏந்திய கைகளை 'ஸிஃப்ராக', அதாவது வெறுமையாக, திருப்பியனுப்ப இறைவன் வெட்கப்படுகிறான் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. வெறுங்கையையே வெறுமையாக விடாத ரப்பின் படைப்பை, நாம் வெறுமை என்று இகழலாமா?

விடைத்தாளில் இருக்கும் சுழி, இனி நிரப்பப்பட வேண்டிய இடம். பிள்ளையை அருகில் அமர்த்தி, எந்தக் கணக்கு விளங்கவில்லை என்று கேளுங்கள். வல்ல நாயன் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக! ஆமீன்.