குப்பைக்கு மட்டும் கொழும்பு!

களனிப் பல்கலைக்கழகம் ஒரு கிராமத்திலே அமைந்திருக்கிறது. பியகம ஏற்றுமதி வலயத்தின் தொழிற்சாலைகள் இரவு பகலாக இயங்குவதும் கிராமத்திலேதான். கொழும்பில் வாடகை கட்டுபடியாகாமல் ஹெந்தளையிற் காணித் துண்டொன்றை வாங்கி வீடு கட்டிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் யாவும் கிராமவாசிகள். இவ்வாறு கூறுவது நானல்லேன். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டு அட்டவணைகள் கூறுகின்றன.

இந்த விந்தைக்குக் காரணம் மிகவும் எளிது. மாநகர சபைகளினதும் நகர சபைகளினதும் எல்லைக்குள் இருப்பதே நகரம் என்பது இலங்கையின் புள்ளிவிபரத் துறை கைக்கொண்ட வரைவிலக்கணம். பிரதேச சபையின் எல்லைக்குள் இருப்பது பெருந்தோட்டமாக இல்லாவிடில் கிராமம். அங்கே எத்தனை பேர் நெருங்கி வாழ்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள், காலையில் எந்தத் திசையில் பேருந்து ஏறுகிறார்கள் என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. அலுவலக வாசலில் எந்தப் பெயர்ப்பலகை தொங்குகிறது என்பது ஒன்றே அளவுகோல்.

முன்னர் பட்டின சபைகளும் நகரங்களாகவே கணக்கிடப்பட்டன. பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்ட பின்னர் அந்தப் பட்டினங்கள் கிராமங்களின் கணக்கிற் சேர்ந்தன. ஒரு கடை மூடப்படவில்லை. ஒரு வீதி வயலாகவில்லை. ஆயினும் அங்கு வாழ்ந்தோர் ஒரே சட்டத்தால் நாட்டுப்புறத்தார் ஆயினர். விளைவு என்ன? 1981இல் இலங்கையரில் 21.5 வீதத்தினர் நகரவாசிகள். 2012இல் 18.2 வீதத்தினர் மாத்திரமே. திறந்த பொருளாதாரமும், ஆடைத் தொழிற்சாலைகளும், போரினால் ஏற்பட்ட இடப்பெயர்வும் மக்களை நகரங்களை நோக்கித் தள்ளிய முப்பது ஆண்டுகளில் இந்த நாட்டின் நகரங்கள் சுருங்கிவிட்டனவாம்! இதனை நம்புவதற்கு அரசாங்க அட்டவணைகளைத் தவிர வேறு எதனையும் பார்க்காத கண்கள் வேண்டும்.

உலக வங்கி 2015இல் வெளியிட்ட தெற்காசிய நகரமயமாக்கல் பற்றிய அறிக்கை, நகரம் என அங்கீகரிக்கப்படாத, ஆனால் நகரத்தின் இயல்புகள் யாவும் கொண்ட பகுதிகளில் இலங்கையரில் மூன்றிலொரு பங்கினர் வரை வாழக்கூடும் என மதிப்பிட்டது. கொழும்பிலுள்ள கொள்கை ஆய்வுகள் நிறுவகத்தின் 2016ஆம் ஆண்டு ஆய்வொன்று, அடர்த்தியையும் வாழ்க்கை வசதிகளையும் அளவுகோலாகக் கொண்டாற் சனத்தொகையில் 40 வீதத்துக்கு மேற்பட்டோர் நகரவாசிகளே எனக் கண்டது. 18 எங்கே, 40 எங்கே?

கொழும்பைச் சுற்றியுள்ள இடங்களிலேயே இந்தப் பிழை மிகப் பெரிதாகத் தெரிகிறது. கொழும்பு மாநகர சபையின் பரப்பு ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர்; 2012இல் அதன் சனத்தொகை ஐந்தரை இலட்சத்தை அண்டியது. ஆனால் அந்த மாநகரைப் பகலில் இயக்குவோரிற் பெருந்தொகையானோர் அதற்கு வெளியே உறங்குகிறார்கள். கண்டி வீதி, நீர்கொழும்பு வீதி, காலி வீதி, ஹைலெவல் வீதி ஆகிய நான்கிலும் காலை ஏழு மணிக்கு எறும்பு ஊர்வதைப் போல ஊரும் வாகனங்களைக் கண்டவர்களுக்குக் கொழும்பின் உண்மையான எல்லை எது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும், களனியும் கிரிபத்கொடையும் கடவத்தையும் அடங்கிய கம்பஹா மாவட்டத்தின் 23 இலட்சம் மக்களில் 15.6 வீதத்தினரே நகரவாசிகள் என்று 2012ஆம் ஆண்டின் கணக்குச் சொன்னது.

கொழும்பு மாவட்டத்தின் கணக்கோ இன்னும் வேடிக்கையானது. 2001இல் அம்மாவட்டத்தில் 54.6 வீதமாக இருந்த நகரவாசிகள் 2012இல் 77.6 வீதமாக உயர்ந்தனர். மக்கள் திரண்டு வந்தார்களா? இல்லை. இடைக்காலத்தில் பெயர்ப்பலகைகள் மாறின. உதாரணமாக, கடுவெல பிரதேச சபை 2011இல் மாநகர சபையாகத் தரமுயர்ந்தது. இரண்டரை இலட்சம் பேர் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் நகரத்தார் ஆகினர். அதற்கு அடுத்துள்ள ஹோமாகமையில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். கோட்டையிலிருந்து புறப்படும் களனிவெளிப் புகையிரதப் பாதையும், புறக்கோட்டையிலிருந்து செல்லும் 138ஆம் இலக்கப் பேருந்தும் அதனைக் கொழும்புடன் பிணைத்துள்ளன. ஆனால் அது பிரதேச சபை, ஆகவே கிராமம். மகிந்த ராஜபக்ஷ ஆட்சிக் காலத்தில் மாநகர சபையாகிய அம்பாந்தோட்டையின் சனத்தொகை ஹோமாகமையின் சிறு பின்னமே. ஆனால் அது மாநகரம்! வேறுபாடு ஊரில் இல்லை. அமைச்சரின் பேனாவிலே இருக்கிறது.

வாசகர்களிற் பலர் கனடாவில் வாழ்பவர்கள். அவர்களுக்கு அருகிலுள்ள உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரொறன்ரோ மாநகரின் சனத்தொகை 2021இல் ஏறத்தாழ 28 இலட்சம். ரொறன்ரோ பெருநகரப் பகுதியின் சனத்தொகையோ 62 இலட்சம். எமது மக்கள் செறிந்து வாழும் மார்க்கமும் அஜக்ஸும் மாநகரத்துக்கு வெளியே தனித்தனி மேயர்களைக் கொண்டவை. எனினும் பெருநகரக் கணக்கினுள் அடங்குபவை. அஜக்ஸை ஒட்டியுள்ள விற்பியோ ஒஷாவாப் பெருநகரக் கணக்கிற் சேர்ந்தது. இது யாருடைய விருப்பு வெறுப்பினாலும் நிகழ்ந்ததன்று. குடிசன மதிப்பீட்டின் நீண்ட படிவம் வேலைத்தலம் எங்குள்ளது என வினவுகிறது. ஓர் ஊரில் வாழும் தொழிலாளரில் குறைந்தது பாதிப்பேர் மைய நகரத்துக்கு வேலைக்குச் சென்றால், அன்றேல் அந்த ஊரில் வேலை செய்வோரிற் காற்பங்கினராவது மையத்திலிருந்து வந்தால், அந்த ஊர் பெருநகரக் கணக்கிற் சேர்க்கப்படும். ஐக்கிய அமெரிக்காவிலோ மாவட்டத்தை ஒத்த கவுண்டிகளே அலகு. அங்கு இரு திசைக்கும் 25 வீதமே அளவு. விதி முன்கூட்டியே எழுதப்பட்டு எல்லோரும் படிக்கக்கூடியதாக வெளியிடப்பட்டுள்ளது. மக்களின் கால்களே எல்லையைக் கீறுகின்றன.

வட அமெரிக்காவின் செல்வம் எமக்கில்லை என்று யாரும் தப்பிக்கொள்ள வேண்டியதில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியாவைப் பாருங்கள். ஓர் ஊர் பஞ்சாயத்தின் ஆட்சியில் இருந்தாலும் அங்கு 5,000 பேருக்குக் குறையாமல் வாழ்ந்து, சதுர கிலோமீற்றருக்கு 400 பேர் என்ற அடர்த்தி இருந்து, ஆண் தொழிலாளரில் 75 வீதத்தினர் விவசாயம் அல்லாத தொழில் புரிந்தால், இந்தியக் குடிசன மதிப்பு அதனை நகரமாகவே எண்ணுகிறது. பெருநகரத்தை ஒட்டி வளர்ந்த ஊர்களை அதனுடன் சேர்த்து ஒரே நகரத் தொகுதியாகக் கணக்கிடும் முறையும் அங்குண்டு. அந்த முறையில் குறைகள் உண்டு. ஆனால் பஞ்சாயத்துப் பலகை அங்கே கணக்காளரின் கண்ணை மறைப்பதில்லை.

"நகரம் என்று எழுதினால் வரி கூடும்; ஊரவர்கள் இதனை விரும்பமாட்டார்கள்" என்பது இங்கு அடிக்கடி கேட்கும் ஆட்சேபம். இந்த அச்சம் அடிப்படையற்றதன்று. ஸ்காபரோவும் அயற்சபைகளும் 1998இல் ரொறன்ரோவுடன் ஒன்றிணைக்கப்பட்டதற்கு முந்திய ஆண்டில் நடந்த கருத்துக்கணிப்பு வாக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்கினர் எதிர்த்தே வாக்களித்தனர். மாகாண அரசு செவிசாய்க்கவில்லை. ஆனால் அது ஆட்சியை விழுங்குதல். நான் கேட்பது கணக்கில் எண்ணுதல். மார்க்கத்தின் சபையை யாரும் கலைக்காமலே மார்க்கம் ரொறன்ரோ பெருநகரில் எண்ணப்படுகிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்புவோர் ஒன்றில் விளங்காதவர்கள், அன்றேல் விளங்கிக்கொண்டே குழப்புபவர்கள்.

"வெறும் புள்ளிவிபரந்தானே, இதனால் யாருக்கு நட்டம்?" என்பது மற்றைய ஆட்சேபம். பிரதேச சபைச் சட்டம் விருத்தியடைந்த பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களிலேயே ஆதனவரி அறவிட இடமளிக்கிறது. வருமானம் குறைந்த சபைக்கு வடிகால் வெட்டவும், குப்பை அள்ளவும், தீயணைப்பு வண்டி வைத்திருக்கவும் வலுவேது? அதே வேளை, நகர அபிவிருத்தி அதிகார சபை பல பிரதேச சபைப் பகுதிகளை நகர அபிவிருத்திப் பிரதேசங்களாகப் பிரகடனம் செய்துள்ளது. அங்கு வீடு கட்டுவோர் அந்த அதிகார சபையின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். கட்டுப்பாட்டுக்கு நகரம், கணக்குக்குக் கிராமம்.

குப்பைக்கும் அவ்வாறே. கொழும்பு மாநகரின் குப்பை, அதன் எல்லைக்கு வெளியே கொலன்னாவையிலுள்ள மீதொட்டமுல்லவில் மலையாகக் குவிந்தது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று அது சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் புதைத்தது. கொழும்பு மாநகர சபையைத் தெரிவு செய்யும் வாக்கு அவர்களிடம் இருக்கவில்லை. அதன் பின்னர் குப்பை லொறிகள் திரும்பிய திசைகளில் ஒன்று கெரவலப்பிட்டி. அது வத்தளைப் பிரதேச சபைக்குட்பட்ட "கிராமம்". மாநகரின் கழிவைச் சுமக்கும்போது இந்த ஊர்கள் கொழும்பின் பகுதிகள். பணமும் பிரதிநிதித்துவமும் பங்கிடும்போது தூரத்துக் கிராமங்கள். 2016இல் மேல் மாகாணம் முழுவதையும் ஒரே பெருநகரமாக வரைந்த திட்டம் பெரும் ஆரவாரத்துடன் வெளியிடப்பட்டது. படத்தில் இடம்பெற்ற ஊர்கள் கணக்கில் இடம்பெறவில்லை.

இது கொழும்பின் சிக்கல் மாத்திரமன்று. யாழ். குடாநாட்டின் சுறுசுறுப்பான சந்தைகளில் ஒன்றாகிய திருநெல்வேலி, நல்லூர்ப் பிரதேச சபைக்குட்பட்டது, ஆகவே கிராமம். மலையகத்திலோ கொடுமை வேறு வகையானது. ஹற்றன், தலவாக்கலை போன்ற சிறு நகர சபைகளின் எல்லைக் கோட்டைத் தாண்டியதும், இருபது ஏக்கருக்கும் பத்துத் தொழிலாளருக்கும் குறையாத தோட்டங்கள் "பெருந்தோட்டத் துறை" என்ற மூன்றாவது பெட்டிக்குள் அடைக்கப்படுகின்றன. கணக்கிலிருந்த இந்தப் பெட்டி சட்டத்திலும் சுவரானது. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணம் செலவிட இருந்த தடையை நீக்க 2018இலேதான் சட்டம் திருத்தப்பட்டது. மூன்று தசாப்தங்களாக லயன்களில் வாழ்ந்தோர் பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள். அந்தச் சபையால் அவர்களுக்கு ஒரு பாதை போட முடியவில்லை. பெயர் வெறும் பெயர்தான் என்போர் அவர்களிடம் சென்று கேட்கட்டும்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் திரட்டிய தரவுகள் கிராம சேவகர் பிரிவு மட்டத்தில் உள்ளன. அடர்த்தி, தொழில் ஆகிய இரண்டையும் கொண்டு நகரம் எது என வகுக்கலாம். வேலைக்குச் செல்லும் பயணத்தை அளந்து அதனுடன் சேர்த்தாற் கொழும்புப் பெருநகரம் எதுவரை என்பது தெளிவாகும். விதியை முதலில் வெளியிட்டு, அதன் பின்னர் எல்லையைக் கீற வேண்டும். பத்து ஆண்டுக்கொரு முறை மீள அளக்க வேண்டும். எந்தச் சபையையும் கலைக்க வேண்டியதில்லை. எவரது வரியையும் ஒரு சதத்தால் உயர்த்த வேண்டியதில்லை.

அரசியல்வாதிகள் இதனை விரும்பமாட்டார்கள். தரமுயர்த்துவேன் என்ற தேர்தல் வாக்குறுதியும், யாருக்கு நகரப் பட்டம் சூட்டுவது என்ற அதிகாரமும் அவர்களுடைய கையைவிட்டுப் போய்விடும். ஆனால் காலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்று பேருந்து மாறிக் கொழும்புக்கு வந்து, அந்த நகரத்தின் கடைகளைத் திறந்து, கந்தோர்களைக் கூட்டி, கோப்புகளை எழுதி, இரவில் வெறுங்கையுடன் "கிராமத்துக்கு"த் திரும்பும் மனிதரிடம் இந்த நாடு ஒரு கணக்கைக் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனைத் தீர்ப்பதற்குப் பணம் தேவையில்லை. அவரை அவர் வாழும் நகரத்தில் வைத்து எண்ணினாற் போதும்.